அப்பா வைக்காத புள்ளி

அத்தியாயம் 14

நாலு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன அப்பா, போன வாரம் பெரியவள் மேல் ஒரு மனு கொடுத்திருந்தார்.

தன் மகள் அந்த வீட்டில் குடியிருக்கவில்லை, ஆகவே வாக்காளர் பட்டியலில் இருந்து அவள் பெயரை எடுத்துவிட வேண்டும் என்பது மனு.

அந்தக் கடிதத்தை அவள் அதே வீட்டு வாசலில் நின்றுதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். 'இங்கே குடியில்லை' என்று சொல்லும் கடிதத்தை இங்கேயே அனுப்பியிருக்கிறார்களே என்று முதலில் சிரிப்பு வந்தது. மனு கொடுத்தவர் பெயரைப் படித்ததும் சிரிப்பு போய்விட்டது.

கடிதம் வந்தது அவளுக்கு மட்டும் இல்லை. அந்தத் தெருவில் நூற்று நாற்பத்து மூன்று பேருக்கு வந்திருந்தது. அத்தனைக்கும் மனு கொடுத்தவர் அப்பாதான். உயிரோடு இருந்தவரை பக்கத்து வீட்டு ரேடியோ சத்தத்தைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன்.

வார்டு தேர்தலுக்கு இன்னும் ஆறு வாரம். போன தடவை கவுன்சிலர் ஜெயித்தது தொண்ணூறு ஓட்டில். அந்தத் தெரு அவருக்கு ஓட்டுப் போடாத தெரு. இதைக் கூட்டிப் பார்க்கப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. ஆனாலும் பெரியவள் ஒரு வாரமாக, ஆபீஸில் யாரோ தூக்கக் கலக்கத்தில் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டார்கள் என்றே நம்பிக்கொண்டிருந்தாள். அப்பா பெயரை எடுத்து இப்படி ஒரு வேலைக்கு யாராவது பயன்படுத்துவார்கள் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

விசாரணை இன்றைக்கு. காலை பதினொரு மணி.

*

எட்டரை மணிக்கே தம்பி, சின்னவன், வந்து நின்றான்.

வார்டு அலுவலகத்துக்கு எதிர்ப்பக்கம் நடைபாதையில் அவனுக்கு ஒரு பெட்டிக்கடை. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின், ஒரு கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரில் அவன் மனைவி உட்கார்ந்திருப்பாள். 'எல்லா விதமான படிவங்களும் பூர்த்தி செய்து தரப்படும்' என்று பலகை. கல்யாணமானதும் அவன் பட்டியலில் தன் பெயரை மனைவி வீட்டுத் தெருவுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான். அந்தத் தெருவுக்கு ஒரு கடிதமும் வரவில்லை.

எந்த இடத்துக்கும் சொன்ன நேரத்துக்கு வராதவன் இன்றைக்கு எட்டரைக்கு வந்தது பெரியவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. டீ போட்டுக் கொடுத்தாள். குடிக்கவில்லை.

"ஃபைல குடுக்கா. எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு காப்பி போட்டு வரிசையா அடுக்கித் தரேன். அங்க போய் நின்னா, அது இருந்தா இது இல்லம்பாங்க."

அவள் எடுத்து வைத்தாள். கரண்ட் பில், தண்ணீர் பில், சலவைக்கூடத்து அடையாள அட்டை. கடைசியாக அலமாரியில் இருந்து அப்பாவின் இறப்புச் சான்றிதழ்.

சின்னவன் அதைக் கையில் வாங்காமல் பார்த்தான். இது எதுக்கு என்றான். செத்துப்போனவர் எப்படி மனு கொடுத்தார் என்று கேட்கத்தான் என்றாள் அவள்.

"நீ இங்க குடியிருக்கேன்னு காட்டுனா போதும்கா. உன் பேரு நின்னுடும். மத்தது ஆபீஸ்காரன் வேலை, அவன் பாத்துக்கட்டும்."

"நான் பாட்டுக்கு காட்டுறேன். நீ காப்பி போடு."

ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனான். டீ மேலே ஆடை கட்டிப்போயிருந்தது. அதை அவளே குடித்தாள்.

பத்தே முக்காலுக்கு அவள் கடைக்குப் போனபோது ஃபைலுக்குக் குறுக்கே இரண்டு ரப்பர் பேண்டு போட்டுத் தயாராக வைத்திருந்தான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் திரும்பிப் பார்க்காமல் ஜன்னல் வழியாக நீட்டினான். அவளும் பிரித்துப் பார்க்கவில்லை.

*

மாடி வராந்தாவில் இரண்டு பெஞ்சு. மொத்தம் பதினொரு பேர் வந்திருந்தார்கள், பெரியவளையும் சேர்த்து.

மற்றவர்கள் எல்லாம் வேலைக்குப் போய்விட்டார்கள். வேலை நாளில் பதினொரு மணிக்கு வா என்றால் யார் வருவார்கள்? பெரியவளுக்கே அப்பாவின் சாவுக்குப் பிறகு முதல் தடவையாக லீவு கேட்டதால் கிடைத்தது. அவள் வேலை சலவைக்கூடத்தில் குறி போடும் பிரிவில். வருகிற துணி எல்லாவற்றுக்கும் கழுத்துப்பட்டியின் உள்பக்கம் சிவப்பு நூலில் ஒரு எண் தைக்க வேண்டும். பக்கத்து மெஷினில் உட்காரும் நெட்டையும் அதே தெருதான். அவளுக்கும் கடிதம் வந்திருந்தது. ஒரே நாளில் இரண்டு பேருக்கு லீவு கிடையாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். "என் பேரையும் கொஞ்சம் பாத்துட்டு வா" என்று, மளிகைச் சாமான் வாங்கி வரச் சொல்வதுபோலச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

வராந்தாவில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. மூணாவது வீட்டு பிளம்பர்தான் ஆரம்பித்தார்.

"என் வீட்ல நான் இல்லையாம். அப்ப காலைல என் பொண்டாட்டி அவ்வளவு நேரம் திட்டுனது யாரை?"

பெரியவளும் சிரித்தாள். அவள் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

முதல் பெயர் அவளுடையது. உள்ளே போனாள். மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி, ஐம்பது வயது இருக்கும், கண்ணாடியை ஒரு சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். மனு கொடுத்தவர் வந்திருக்கிறாரா என்று கேட்டார். வந்திருந்தால் இரண்டு பேரையும் எதிரெதிரே வைத்து விசாரிக்க வேண்டும், அதுதான் முறை என்றார். பியூன் வாசலில் போய் நின்று அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்.

நல்ல குரல் அந்த ஆளுக்கு. வராந்தா முழுக்கக் கேட்டது.

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் அப்பாவின் சாவுக்கு வந்தவர்கள். பிளம்பர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

இரண்டாவது தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை, யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வருகிறார் போல, படிக்கட்டுப் பக்கம் திரும்பி இழுத்துக் கூப்பிட்டார். பெரியவளும் படிக்கட்டைப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் தான் பார்த்தது தெரிந்தது.

'வரவில்லை' என்று பியூன் எழுதிக்கொண்டார்.

அதிகாரி கரண்ட் பில்லையும் அடையாள அட்டையையும் புரட்டினார். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

"சரி, உங்க பேரு நிக்கும். இங்க கையெழுத்துப் போடுங்க. அடுத்த ஆள வரச்சொல்லுங்க."

பெரியவள் கையெழுத்துப் போட்டாள். எழுந்திருக்கவில்லை.

"மேடம், இந்த மனு குடுத்தவரு செத்துப்போயிட்டாரு. எங்கப்பா."

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். சர்டிபிகேட் இருக்கிறதா என்றார்.

அவள் ரப்பர் பேண்டை எடுத்தாள். கரண்ட் பில் இரண்டு காப்பி. தண்ணீர் பில் இரண்டு காப்பி. அடையாள அட்டை முன்பக்கம், பின்பக்கம். ஃபைலில் எப்போதோ கிடந்த தையல் மெஷின் ரசீதுக்குக்கூட இரண்டு காப்பி இருந்தது. அப்பா இல்லை. அசலும் இல்லை, நகலும் இல்லை.

பரவாயில்லை என்றார் அதிகாரி. இறப்புப் பதிவேடு கீழ்த்தளத்தில்தான் இருக்கிறது, தேதி தெரிந்தால் சொல்லுங்கள் என்றார். அவள் தேதி சொன்னாள், கிழமை சொன்னாள், மணியும் சொன்னாள். பத்து நிமிஷத்தில் பியூன் ஒரு துண்டுச் சீட்டில் பதிவு எண்ணோடு வந்தார். நாள் முழுக்க நகல் எடுக்கிறவனுக்கு அசல் எங்கே இருக்கும் என்பது மறந்துவிட்டது.

அதிகாரி ஒரு கட்டைப் பிரித்து மேலே இருந்த மனுவை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "இது உங்கப்பா கையெழுத்தா, பாருங்க."

அவள் பார்த்தாள்.

அப்பாவுக்குப் படிப்பு இல்லை. ஒரு கிடங்கில் காவல் வேலை. ஓட்டுச்சாவடியில் எல்லார் முன்னாலும் கைநாட்டு வைக்க வெட்கப்பட்டு, நாற்பது வயதுக்கு மேல் கையெழுத்து மட்டும் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தவர் கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்துவிட்டார். அப்பா அதையே சாகிறவரை புள்ளி இல்லாமல் போட்டுக்கொண்டிருந்தார். அப்பாவின் கையெழுத்தைப் படித்தால் பெயர் முடியாமல் அந்தரத்தில் நிற்கும்.

இந்தக் கையெழுத்து முடிந்திருந்தது. அதே சாய்வு, அதே நடுக்கம், அதே இழுப்பு. கடைசி எழுத்தின் தலையில் ஒரு புள்ளி.

சின்னவன் ஏழாம் வகுப்பில் கணக்கில் தோற்றபோது ரிப்போர்ட் கார்டில் அப்பா கையெழுத்தை அவனே போட்டான். வாத்தியாருக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. "அப்பாவுக்குப் புள்ளி தெரியாதுடா, மக்கு" என்றாள். "தெரியும்கா. கை தானா வெச்சிடுது" என்று அவன் சிரித்தான். அப்பாவிடம் அவள் சொல்லவில்லை. அந்த வருஷம் முழுக்க ஆறு கார்டு.

அடுத்த மனுவை எடுத்தாள். புள்ளி. அதற்கடுத்தது. புள்ளி. யார் எண் யார் சட்டையில் என்று ஒரு நாளைக்கு எண்ணூறு துணி பார்க்கிற கண் அவளுக்கு. நாலாவதுக்கு மேல் புரட்டத் தேவைப்படவில்லை.

"எங்கப்பா போட்டது இல்ல" என்றாள்.

யார் போட்டது என்று தெரியுமா என்று அதிகாரி கேட்டார். அவள் மனுக்களை அடுக்கி ஓரம் சேர்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ரொம்ப வருஷம் இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். பதில் வராத இடம் எது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இங்க பாருங்கம்மா. இறந்தவருன்னு மட்டும் எழுதுனா, அதே பேர்ல அந்த வார்டுல வேற ஆளு இருக்காரு, வீட்டு நம்பர் தப்பா விழுந்துடுச்சும்பாங்க. வந்தவங்க பேரு மட்டும் நிக்கும். இது இன்னாரு போட்ட கள்ளக் கையெழுத்துன்னு தெரிஞ்சவங்க ஒருத்தர் எழுதிக் குடுத்தாதான் மொத்தக் கட்டும் விழும்."

"போட்டவங்களுக்கு என்ன ஆகும் மேடம்?"

"அவங்களே வந்து ஒத்துக்கிட்டா, எச்சரிச்சு விட எனக்கு அதிகாரம் இருக்கு. வேற ஒருத்தர் சொல்லித் தெரிஞ்சா நான் போலீசுக்கு அனுப்பியே ஆகணும். ரெண்டு வருஷம் வரைக்கும் போகலாம்." கட்டைத் திரும்பக் கட்டினார். "அஞ்சு மணிக்குப் பட்டியல்ல கையெழுத்துப் போடுவேன். தெரியலன்னா தெரியலன்னு எழுதிட்டு இப்பவே போங்க. உங்க பேருக்கு ஒண்ணும் ஆகாது."

அஞ்சு மணிக்குள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள்.

*

கடையில் ஒரு ஆள் காப்பிக்கு நின்றிருந்தார். அவர் போகிறவரை பெரியவள் ஓரமாக நின்றாள்.

"எங்கடா?"

"எதுக்கா?"

"அப்பா."

சான்றிதழ் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்படி வந்துவிட்டது. சின்னவன் மெஷினை நிறுத்தினான். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அவன் மனைவியின் விரல்களும் நின்றன.

பத்திரமாக இருக்கிறது என்றான். எத்தனை கையெழுத்து போட்டாய் என்று கேட்டாள். எண்ணவில்லை என்றான். பிறகு மெதுவாக எல்லாம் வந்தது. கவுன்சிலரின் ஆள் ஒருத்தன் வந்து மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, இந்தப் பெட்டிக்கு அனுமதி எந்த வருஷம் வரைக்கும் என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறான். உங்கப்பா பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறதே, அது சும்மாதானே இருக்கிறது என்று கேட்டிருக்கிறான். மூன்று சாயங்காலம் போட்டுக் கொடுத்தேன், மேலே எல்லாம் வெறுமையாக இருந்தது, யார் பெயரை எழுதப்போகிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றான் சின்னவன்.

"தெரிஞ்சிருந்தா?"

அவன் லேமினேஷன் மெஷினைத் துணியால் துடைத்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

நீயே வந்து சொல்லிவிடு என்றாள் அவள். அதிகாரி சொன்னதை அப்படியே சொன்னாள். எச்சரித்து விட்டுவிடுவார், அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கிறது, நான் கூட வருகிறேன் என்றாள்.

"சொல்லிட்டு? நாளைக்கு இந்தப் பெட்டியத் தூக்கிட்டுப் போய் எங்க வைக்கிறது, உன் சலவைக்கூடத்துலயா?"

"அவங்க பேரெல்லாம் போயிடும்டா."

"நூத்தி நாப்பத்தி மூணு பேருக்கு லெட்டர் போச்சு. எத்தன பேரு வந்தாங்க? நான் இங்கிருந்து எண்ணிக்கிட்டுதான் இருந்தேன். பதினொண்ணு. அவங்களே வேணாங்குற ஓட்டுக்கு நான் உள்ள போகணுமா?"

"வேணாம்னு யாரும் சொல்லல. லீவு குடுக்கலன்னாங்க."

"எல்லாம் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்லடா."

அவன் துணியைக் கீழே போட்டான். இதுவரை அவன் சத்தம் போடவில்லை. இப்போதும் போடவில்லை.

"நீ மட்டும் ஒழுங்காக்கா? அப்பா செத்த மாசமே படிவத்தை நான் கொண்டாந்தேன். எல்லாம் எழுதி, உன் கையெழுத்துக்கு மட்டும் எடம் விட்டுக் கொண்டாந்தேன். என்ன பண்ணுன? கிழிச்ச. அவரு பேரு எங்கயாச்சும் ஒரு எடத்துல இருந்துட்டுப் போகட்டும்ன. இருந்துச்சு. வந்து எடுத்துக்கிட்டானுங்க."

தேர்தலுக்குத் தேர்தல் அப்பா பெயரில் ஓட்டுச் சீட்டு வரும். இந்த உலகத்தில் அப்பாவுக்கு வருகிற ஒரே கடிதம் அதுதான். அப்படி வந்த இரண்டு சீட்டையும் அவள் அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தாள், சான்றிதழுக்குப் பக்கத்திலேயே. இருக்கிறார் என்று சொல்லும் தாளும் இல்லை என்று சொல்லும் தாளும் ஒரே அலமாரியில் நாலு வருஷம் ஒன்றாக இருந்தன. அவளுக்கு அது தப்பாகப் பட்டதே இல்லை.

தம்பி மனைவி எழுந்து ஜன்னலருகே வந்தாள். நல்ல பெண். சண்டை என்றால் நடுங்குகிற சுபாவம்.

"அண்ணி, உங்க பேருதான் நின்னுடுச்சே. அப்புறம் என்ன?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ரிப்போர்ட் கார்டு கதை எல்லாம் இவரு எனக்குச் சொல்லியிருக்காரு. நீங்க எப்பவும் இவர விட்டுக் குடுத்ததே இல்லையாம்" என்றாள்.

பெரியவள் மேலே இருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

*

ஒரு மணியில் இருந்து அவள் அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

படிக்கட்டு பாதியில் திரும்பும். பெஞ்சில் இருந்து பார்த்தால் மேல்பாதிதான் தெரியும், கீழே யார் இருந்தாலும் தெரியாது. செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்தாள். சான்று வாங்க ஒருத்தர். குழாய் இணைப்புக்கு ஒருத்தர். டீ கொண்டுவந்தவர். சின்னவன் படியேறினால் இரண்டு இரண்டு படியாகத் தாண்டுவான், சத்தத்திலேயே தெரியும். அந்தச் சத்தம் வரவில்லை. காலையில் பியூன் அப்பாவுக்காக எந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாரோ, அந்தப் பக்கத்தையே மத்தியானம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றரைக்கு நெட்டை போன் பண்ணினாள். சலவைக்கூடத்தில் டீ இடைவேளை. பின்னால் நீராவி சீறும் சத்தம்.

"என் பேரு என்னாச்சு?"

"பாத்துக்கிட்டு இருக்கேன்."

"மூணு தடவ எழுதிப் போட்டு போன தடவைதான் ஏறுச்சு. என் பேரு அச்சுல வந்த ஒரே காயிதம் அது. நீ இருக்கேன்னுதான் நான் இங்க நிம்மதியா இருக்கேன்" என்று சொல்லி நெட்டை வைத்துவிட்டாள்.

பெரியவளின் பெயர் நின்றுவிட்டது. அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். அதிகாரி சொன்னார், தம்பி சொன்னான், தம்பி மனைவி சொன்னாள். தேர்தல் அன்றைக்கு அந்தத் தெருவில் இருந்து பன்னிரண்டு பேர் ஓட்டுப் போடுவார்கள். இன்றைக்கு வந்த பதினொரு பேர். அப்புறம் அப்பா. அப்பா எப்படியும் வந்து போட்டுவிட்டுப் போவார். அதற்கு ஆள் வைத்திருப்பார்கள். புள்ளி வைத்துக் கையெழுத்துப் போடுவார்.

நாலே கால் ஆயிற்று. நாலரை ஆயிற்று. படிக்கட்டில் யாரும் இல்லை.

நாலு முப்பத்தைந்துக்கு அவள் எழுந்து உள்ளே போனாள்.

*

அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டார். பெரியவள் தம்பியின் பெயரைச் சொன்னாள். அப்பா வைத்த பெயர் அது, வீட்டில் யாரும் கூப்பிடாத முழுப்பெயர். வாயில் புதிதாக இருந்தது.

"உங்களுக்கு என்ன உறவு?"

"தம்பி."

பேனா நின்றது.

"எழுதுனா திரும்ப எடுக்க முடியாதும்மா."

"எழுதுங்க மேடம். இன்னொண்ணும் எழுதிக்குங்க. அப்பா பேர லிஸ்ட்ல இருந்து எடுக்காம வெச்சிருந்தது நான்."

அதை எழுத வேண்டிய அவசியம் இல்லை என்றார் அதிகாரி. எழுதத்தான் வேண்டும் என்றாள் அவள். எழுதினார். கையெழுத்து எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு அவள் புள்ளியைப் பற்றிச் சொன்னாள். ஏழாம் வகுப்பு கார்டைப் பற்றியும் சொன்னாள். இருபது வருஷமாக வீட்டுக்குள் சிரிப்பாக இருந்த ஒரு விஷயம், தாளில் ஏறியதும் சாட்சியாக ஆகிவிட்டது.

பிறகு அதிகாரி இன்னொரு படிவத்தை நீட்டினார். இறந்தவர் பெயர் நீக்கும் படிவம். நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் கிழித்துப்போட்ட அதே படிவம், கையெழுத்துக்கு அதே இடத்தில் அதே கோடு. போட்டாள். தம்பியும் அப்பாவும் அரை மணி நேரத்துக்குள் ஒரே மேஜையில் முடிந்தார்கள்.

மொத்தக் கட்டும் தள்ளுபடி என்று எழுதி அதிகாரி முத்திரை குத்தினார். நூற்று நாற்பத்து மூன்று பெயரும் நின்றன.

வெளியே, அத்தாட்சிச் சீட்டு வாங்கத் திரும்பி வந்த நாலைந்து பேர் பெஞ்சில் இருந்தார்கள். கதவு திறந்தே கிடந்ததால் எல்லாம் கேட்டிருக்கிறது. பெரியவள் பிளம்பரைப் பார்த்தாள். காலையில் அவர் சொன்ன வேடிக்கை ஞாபகம் வந்தது.

"உங்க வீட்டு வேலைதானா இது" என்றார் அவர். "அதான் உன் பேரு மொதல்ல கூப்பிட்டாங்களா?"

பக்கத்தில் இருந்த பெண் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உட்கார இடம் விட அல்ல. பையைப் பத்திரப்படுத்தத்தான்.

பெரியவள் படியிறங்கினாள். திருப்பம் தாண்டியதும் கடைசிப் படியில் ஒரு முதுகு தெரிந்தது.

தம்பி மனைவி. மடியில் ஒரு பழுப்பு உறை. இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"எவ்வளவு நேரமா இங்க இருக்க?"

"நாலு பத்துல இருந்து அண்ணி."

அவள் எழுந்திருக்கவில்லை. உறையை மட்டும் நீட்டினாள். உள்ளே அப்பாவின் சான்றிதழ். லேமினேட் செய்திருந்தான். ஓரங்கள் ஒரு பிசிறு இல்லாமல் வெட்டியிருந்தன. அதற்குப் பின்னால் நாலாக மடித்த ஒரு தாள்.

"நீங்க போனப்புறம் ஜெராக்ஸ் மெஷினத் திரும்பப் போடவே இல்ல. அப்புறம் எழுதுனாரு. மேல கொண்டுபோய் மேடம் கையில குடு, கேட்டா நானே வரேன்னு சொல்லுன்னாரு. அதுக்கு முன்னால அந்த ஆளு மொகத்துக்கு நேரா சொல்லிட்டு வந்துடறேன்னு கவுன்சிலர் வீட்டுக்குப் போனாரு." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இன்னும் வரல. போனும் எடுக்கல."

"இதை ஏன் மேல கொண்டாரல?"

தம்பி மனைவி முதல் தடவையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேன் அண்ணி."

மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பெரியவள் உறையோடு திரும்பி இரண்டு படி ஏறினாள். எதிரே பியூன் இறங்கி வந்தார், கையில் அரக்கு வைத்த நீளமான கவர். காவல் நிலையத்துக்கு அஞ்சு மணிக்குள் கொடுத்தாக வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கொஞ்சம் வழி விடுங்கம்மா என்றார். பெரியவள் ஒரு பக்கம் ஒதுங்கினாள், தம்பி மனைவி இன்னொரு பக்கம். அவர் நடுவே போய்விட்டார்.

பெரியவள் தாளைப் பிரித்தாள். ஒரே வரிதான். 'இந்தக் கையெழுத்துகளை எல்லாம் போட்டது நான்.' கீழே நேரம் எழுதியிருந்தான், நாலு மணி ஐந்து நிமிஷம். அதற்குக் கீழே அவனுடைய சொந்தக் கையெழுத்து. அப்பா பெயரைப் போலவே அவன் பெயரும் புள்ளியில்தான் முடியும். பேனாவை எவ்வளவு அழுத்தினானோ, புள்ளி இருந்த இடத்தில் தாள் ஓட்டையாகி அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது.